மாமரத்தடிக் கொட்டகை

1999-ஆம் ஆண்டின் முதல் மாதங்களில், நாங்கள் குடியிருந்த தோட்டத்து லயத்துக்குள் சாயங்கால நேரத்தில் கொசுப்புகை அடிக்க ஆட்கள் வருவார்கள். அந்த வெள்ளைப் புகைக்குள் ஓடி ஒளிந்து விளையாடுவதுதான் எங்களுக்கு அப்போதைய பெரிய கேளிக்கை. பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயிருந்து கத்துவார்கள். "ஜப்பான் காய்ச்சலாம், உள்ள வாங்கடா!" நெகிரி செம்பிலானில், போர்ட்டிக்சன் பக்கம் இருந்த எங்களுக்குப் புக்கிட் பெலாண்டோக் தூரத்து ஊரல்ல. அங்கே ஆட்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள், பன்றிகளைச் சுடப்போகிறார்கள் என்று கடைத்தெருவில் பேச்சு. பயமாகவும் இருந்தது, அதே நேரம் யாருக்கோ நடப்பதுபோலவும் இருந்தது.

அந்தப் புகை தவறான எதிரியின் மேல் அடிக்கப்பட்டது என்பது பல ஆண்டுகள் கழித்து, பல்கலைக்கழக நூலகத்தில் உட்கார்ந்து படித்தபோதுதான் தெரிந்தது. ஆளைக் கொன்றது கொசு சுமந்த கிருமி இல்லை. பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதனுக்கும் வந்த, அதுவரை உலகம் பெயரே வைத்திராத ஒரு வைரஸ். இன்று அதற்கு நிப்பா என்று பெயர். புக்கிட் பெலாண்டோக்கை ஒட்டிய சுங்கை நிப்பா கிராமத்திலிருந்து வந்த பெயர் அது.

நிப்பாவைப் பற்றி மருத்துவக் கட்டுரைகள் நிறைய இருக்கின்றன. நான் எழுத நினைப்பது கொட்டகையைப் பற்றி. அந்த வைரஸ் மனிதனிடம் வந்து சேர்ந்த பாதையில் ஒரு கட்டடம் இருக்கிறது. சுவரில்லாத, தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ வேய்ந்த, பக்கத்தில் மாமரம் நின்ற ஒரு பன்றிக் கொட்டகை. அதை யார், ஏன் அப்படிக் கட்டினார்கள், அது எங்கே தவறிப்போனது என்று கேட்டால் நம் ஊர்களின் வரலாறே கொஞ்சம் வேறு மாதிரித் தெரிகிறது.

பாட்டியின் கொட்டாய்

முதலில் ஒரு நல்ல கொட்டகை. லயத்துக்குப் பின்னால், கால்வாய் ஓரத்தில், என் பாட்டிக்கு ஒரு மாட்டுக்கொட்டாய் இருந்தது. இரண்டு மாடு, ஒரு கன்று. தோட்ட நிர்வாகம் கண்டும் காணாததுபோல் விட்டிருந்த இடம். பலகைத் துண்டு, பழைய தகரம், காட்டுக்கம்பு ஆகியவற்றால் ஆனது. சின்ன வயதில் அதை ஏழ்மையின் அடையாளமாகத்தான் பார்த்தேன். இப்போது யோசித்தால், அதில் இருந்த ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது.

கொட்டாயின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தது. காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகலான முனைகளில் மட்டுமே விழும். கூரையின் உச்சியில் ஒரு சாண் இடைவெளி விட்டு, அதற்கு மேலே இன்னொரு தகரம் போட்டிருந்தது. சூடான காற்று மேலே எழுந்து அந்த வழியாக வெளியேறும். தரை பின்பக்கம் லேசாகச் சரிந்திருக்கும். மூத்திரம் தேங்காது, மாட்டின் குளம்பு எப்போதும் ஈரத்தில் ஊறிக் கிடக்காது. இருட்டியதும் ஒரு மூலையில் மூட்டம் போடுவார். ஈயும் கொசுவும் விலகும். "மாடு நின்னா கால் காயணும், படுத்தா வயிறு காயணும்" என்பார் பாட்டி. அவர் சொன்னதை இன்று கால்நடைக் கட்டடப் பொறியியல் பாடத்தில் திசையமைப்பு, இயற்கைக் காற்றோட்டம், வடிகால் சரிவு, உலர்ந்த படுக்கை என்று தலைப்புப் போட்டுச் சொல்லித் தருகிறார்கள்.

கொட்டாய்க்கு மேலே ஒரு மாமரம் நின்றது. "அந்த மரத்த ஏன் பாட்டி வெட்டல? கூரைல எல்லாம் எல கொட்டுதே" என்று ஒருமுறை கேட்டேன். "மாட்டுக்கு நெழலு. மரத்துக்கு எரு. நமக்கு மாங்கா. இதுல எத வெட்டச் சொல்ற?" என்றார்.

அந்தப் பதிலில் தவறே இல்லை. இப்போது அதைத்தான் ஒருங்கிணைந்த வேளாண்மை, நீடித்த வேளாண்மை என்றெல்லாம் அழைக்கிறார்கள். கழிவு எதுவும் கழிவாக நிற்காமல் இன்னொன்றின் உணவாகும் சுழற்சி. பாட்டியின் மாமரத்திலும் இரவில் வௌவால் வரும். பாதி தின்ற மாங்காயைக் கொட்டாயின் மேல் போடும். தகரத்தில் அது விழும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. எங்களுக்கு எதுவும் ஆகவில்லை. இரண்டு மாட்டுக்கு ஒரு மரம் என்பது ஒரு கணக்கு. முப்பதாயிரம் பன்றிக்கு ஒரு தோப்பு என்பது வேறு கணக்கு.

தள்ளிவைத்த கொட்டகைகள்

அந்த இரண்டாம் கணக்குக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்பதற்கு நகரத்திலிருந்து தொடங்க வேண்டும். சிங்கப்பூரில் பிறந்த பலருக்கு அவர்கள் ஒரு மாட்டுக் கொட்டகையின் பெயரில் பிறந்தவர்கள் என்பது மறந்துபோயிருக்கும். கேகே மருத்துவமனையின் கேகே என்பது கண்டாங் கெர்பாவ். மலாயில் எருமைக் கொட்டில் என்று பொருள். 1924-இல் மகப்பேற்று மருத்துவமனையான அந்த இடத்தில், 1966-ஆம் ஆண்டில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்து கின்னஸ் பதிவில் இடம்பெற்றது. அதற்குப் பல காலம் முன்பே அந்தப் பெயர் நிலத்தின் மேல் இருந்தது.

19-ஆம் நூற்றாண்டின் சிராங்கூன் சாலைப் பகுதி சதுப்பும் புல்லும் தண்ணீரும் கொண்டது. மாட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்? இந்திய மாட்டு வியாபாரிகளும் பால்காரர்களும் வண்டிக்காரர்களும் அங்கே கூடினார்கள். கல்கத்தாவிலிருந்து வந்த மாட்டு வியாபாரி பெலிலியோஸின் பெயர் இன்றும் ஒரு சந்துக்கு இருக்கிறது. பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்ற பெயர்ப்பலகைகளுக்குக் கீழேதான் இன்று நாம் தோசை சாப்பிடுகிறோம். லிட்டில் இந்தியா ஓர் இந்தியப் பகுதியானதற்குக் கோயில் எவ்வளவு காரணமோ, மாட்டுக் கொட்டகையும் அவ்வளவு காரணம்.

பிறகு சதுப்பு தூர்க்கப்பட்டது. வீடுகள் நெருங்கின. ஈ, நாற்றம், கழிவுநீர் என்று புகார்கள் எழுந்தன. 1930களில் நகராட்சி விதிகள் இறுகி, மாடுகள் அந்தப் பகுதியைவிட்டு வெளியேறின. பெயர் மட்டும் தங்கியது.

இதே கதை, அளவு பெரிதாகி, பன்றிக்கும் நடந்தது. தனி நாடான சிங்கப்பூர், 1970களில் கிராஞ்சி நீர்ப்பிடிப்புப் பகுதியிலிருந்த பன்றி வளர்ப்பாளர்களைப் பொங்கோலுக்கு இடம் மாற்றியது. நவீன முறையில் வளர்க்க வேண்டும், கழிவைச் சுத்திகரிக்க வேண்டும் என்று முயன்றார்கள். செலவு கட்டுப்படியாகவில்லை, நிலமும் தண்ணீரும் அதைவிட அருமையானவை ஆயின. 1984-இல் பன்றி வளர்ப்பைப் படிப்படியாக நிறுத்துவதாக அரசு அறிவித்தது. 1990 வாக்கில் தீவில் பண்ணைகள் இல்லாமல் போயின. ஆனால் யாரும் பன்றி இறைச்சி சாப்பிடுவதை நிறுத்தவில்லை. கொட்டகைதான் பாலத்துக்கு அந்தப் பக்கம் போனது. தீவுக்கு வேண்டிய உயிர்ப்பன்றிகளை மலேசியப் பண்ணைகள் லாரியில் அனுப்பின.

நகரம் கொட்டகையிடம் எப்போதும் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டிருக்கிறது: இன்னும் எவ்வளவு தூரம் தள்ளிப் போவாய்? உள்ளே இருக்கும் விலங்கு எப்படி நிற்கிறது, எப்படி மூச்சு விடுகிறது என்பது அந்தக் கேள்வியில் இல்லை. தூரம் கூடக்கூட அதைக் கேட்கும் ஆளும் குறைந்தார்.

முப்பதாயிரம் பன்றியும் ஒரு தோப்பும்

மலேசியாவில் சீனக் கிராமங்களின் கொல்லைப்புறத்தில் ஐந்து பத்து பன்றி வளர்ப்பது பழைய பழக்கம். மிச்சச் சோறு, மரவள்ளி, வாழைத்தண்டு என்று கிடைத்ததைப் போட்டு வளர்ப்பார்கள். 1970களுக்குப் பிறகு அது தொழிலானது. 1970களின் தொடக்கத்திலிருந்து 1990களின் இறுதிக்குள் மலேசியாவின் பன்றி உற்பத்தி ஏறக்குறைய மூன்று மடங்கானது. அதே காலத்தில் மாம்பழ உற்பத்தியும் மூன்று மடங்கானது. இரண்டும் பல இடங்களில் ஒரே வேலிக்குள் வளர்ந்தன.

அது பேராசை என்று சொல்லிவிடுவது சுலபம். பண்ணைக்காரனின் இடத்தில் நின்று பார்த்தால் அது புத்திசாலித்தனம். பன்றிக்கு வியர்க்காது. உடம்புச் சூட்டை வெளியேற்ற அதற்குத் தெரிந்த வழி, சேற்றில் புரள்வதும் வேகமாக மூச்சு வாங்குவதும்தான். தாய்ப்பன்றிக்கு 25 டிகிரிக்கு மேல் போனாலே தீனி குறையும், பால் குறையும். நம் ஊரில் நண்பகல் 33 டிகிரி. சிமெண்டுத் தரையில் சேறு கிடையாது. ஆகவே தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவார்கள். பக்கத்தில் மரம் வைப்பார்கள். மரம் நிழல் தரும். கழுவிய தண்ணீர் மரத்துக்கு உரமாகும். பழம் விற்றுப் பணமாகும். என் பாட்டியின் கணக்கேதான். பாட்டி ஒரு மரத்தோடு நின்றார், இவர்கள் பெருக்கினார்கள்.

நோய் முதலில் தலைகாட்டிய ஈப்போ வட்டாரப் பண்ணையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் இருந்தன. கொட்டகைகளை ஒட்டி மாமரங்கள், சில கிளைகள் தொட்டிகளுக்கு மேலேயே. பழுக்கும் காலத்தில் வௌவால்கள் வந்தன. அவை கடித்துப்போட்ட பழமும் எச்சிலும் மூத்திரமும் கீழே விழுந்தன. கீழே இருந்தவை எதையும் முகர்ந்து பார்த்துத் தின்னும் விலங்குகள். வைரஸ் இப்படித்தான் இறங்கியது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். பின்னர் தியோமான் தீவில், வௌவால் தொங்கும் மரங்களுக்குக் கீழே பிளாஸ்டிக் விரித்துச் சேகரித்த மூத்திரத்திலும், வௌவால் பாதி தின்ற பழத்திலும் அதே வைரஸைக் கண்டெடுத்தார்கள்.

இங்கே இன்னொரு விஷயம் இருக்கிறது. பொதுவாக யாரும் இதைச் சொல்வதில்லை. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. மரத்திலிருந்து பழம் விழுந்தது பாதிக் கதை. விழுந்த கிருமி ஏன் அணைந்துபோகவில்லை என்பது மீதிக் கதை. ஒரு சின்னப் பண்ணையில் அப்படி ஒரு கிருமி வந்தால், இருக்கிற பன்றிகளை எல்லாம் தொற்றிவிட்டு, தொற்ற ஆளில்லாமல் தானாக ஓய்ந்துவிடும். பெரிய பண்ணை அப்படியல்ல. ஒரே வளாகத்தில் தாய்ப்பன்றி, குட்டி, வளரும் பன்றி, விற்பனைக்கு நிற்கும் பன்றி எல்லாம் இருந்தன. வாரா வாரம் புதுக் குட்டிகள் பிறந்து, ஒரு கொட்டகையிலிருந்து அடுத்ததற்கு நகர்ந்துகொண்டே இருந்தன. முதல்முறை வந்து போன தொற்று தாய்களுக்கு எதிர்ப்புச் சக்தியைக் கொடுத்தது. குட்டிகளுக்குத் தாய்ப்பாலில் கிடைத்த பாதுகாப்பு சில மாதங்களில் தேய்ந்தது. அடுத்தமுறை கிருமி இறங்கியபோது, தீராத எரிபொருள்போல் புதுப்புது உடல்கள் வரிசையில் நின்றன. இதைத் தரவுகளை வைத்துக் கணித முறையில் காட்டிய ஆய்வு 2012-இல் வந்தது. அதற்கு முன்னால், 1997-98 புகைமூட்டத்தில் காடு அழிந்ததால்தான் வௌவால் பண்ணைக்கு வந்தது என்ற விளக்கம் பிரபலமாக இருந்தது. ஆனால் புகைமூட்டத்துக்கு முன்பே, 1997-இன் தொடக்கத்திலேயே, பேராக்கில் ஆட்கள் இந்த நோயால் பாதிக்கப்பட்டிருந்ததாகப் பிறகு தெரிந்தது. பழியை வானத்துப் புகையின் மேல் போடுவது எல்லோருக்கும் வசதி. கொட்டகையின் வரைபடத்தைப் பார்ப்பது அவ்வளவு வசதியில்லை.

இதற்கான கட்டட விடையும் பண்ணைத்தொழிலில் முன்பே தெரிந்ததுதான். ஒரு கூட்டத்தை ஒரே நாளில் உள்ளே விட்டு, ஒரே நாளில் முழுவதும் வெளியேற்றி, கழுவிக் காயவைத்து, பிறகு அடுத்த கூட்டத்தை விடுவது. அதற்குக் கொட்டகைகள் தனித்தனியாக, இடைவெளியோடு இருக்க வேண்டும். இடைவெளி என்றால் நிலம். நிலம் என்றால் பணம்.

புகைக்குள் தேடியவர்கள்

1998 செப்டம்பரில் ஈப்போவில் பண்ணையாட்கள் காய்ச்சல், தலைவலி, மயக்கம் என்று விழுந்தார்கள். சிலரின் ரத்தத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலின் அடையாளம் தெரிந்தது. அது கொசு பரப்பும் நோய். பன்றியின் உடலில் பெருகும் நோய். ஆகவே கதை பொருந்தியது. தடுப்பூசி போட்டார்கள், கொசுப்புகை அடித்தார்கள்.

ஆனால் பொருந்தாதவையும் கண் முன்னால் இருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்கள் வேலைக்குப் போகும் வயது ஆண்கள். தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். கொசு இனம் பார்த்துக் கடிக்காது. ஆனால் அதே வட்டாரத்து மலாய்க்காரர்களுக்கு நோய் வரவில்லை. சீனர்களுக்கும், பண்ணையில் வேலை செய்த இந்தியர்களுக்கும் வந்தது. பன்றியைத் தொட்டவர்களுக்குத்தான் வந்தது. அதோடு பன்றிகளும் இருமின. ஒரு மைல் தூரத்துக்குக் கேட்கும் இருமல் என்று அதற்குப் பெயரே வைத்தார்கள். ஆனாலும் செத்த பன்றிகள் குறைவு, பெரும்பாலானவை தேறிவிட்டன. பண்ணைக்காரனுக்கு அது பெரிய ஆபத்தாகத் தோன்றாததற்கு அதுவே காரணம்.

பயத்தில் ஆட்கள் பன்றிகளைக் குறைந்த விலைக்கு விற்றார்கள். லாரிகள் தெற்கே வந்தன. சிரம்பான் பக்கத்தில் சிக்காமட், பிறகு புக்கிட் பெலாண்டோக். தென்கிழக்காசியாவின் மிகப் பெரிய பன்றி வளர்ப்புப் பகுதிகளில் ஒன்று அது. கொட்டகைக்கும் கொட்டகைக்கும் நடுவே சில அடிகூட இல்லாத இடம். அங்கே வந்ததும் அது காட்டுத்தீ ஆனது.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இளம் மருத்துவ ஆய்வாளர் சுவா காவ் பிங், சுங்கை நிப்பாவைச் சேர்ந்த ஒரு நோயாளியின் தண்டுவடத் திரவத்திலிருந்து கிருமியை வளர்த்தெடுத்தார். செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிக் கிடந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கிருமி அப்படிச் செய்யாது. மாதிரியை எடுத்துக்கொண்டு அமெரிக்காவுக்குப் பறந்தார். கொலராடோவிலிருந்த நோய்க்கட்டுப்பாட்டு மைய ஆய்வகத்தில் மின்னணு நுண்ணோக்கியின் கீழ் அது வேறு குடும்பத்துக் கிருமி என்று தெரிந்தது. 1994-இல் ஆஸ்திரேலியாவில் குதிரைகளையும் மனிதரையும் கொன்ற ஹென்ட்ரா வைரஸின் உறவு. கொசுவை மறந்துவிட்டுப் பன்றியைத் தொடாதீர்கள் என்ற செய்தி அன்றுதான் கிடைத்தது. அதற்குள் ஆறு மாதம் ஓடிவிட்டது.

மலேசியாவில் 265 பேர் நோயுற்றார்கள். 105 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் சிலருக்கு மூளைப் பாதிப்பு நிரந்தரமானது. சிங்கப்பூரில், மலேசியப் பன்றிகளை அறுத்த இறைச்சிக்கூடத் தொழிலாளர்கள் 11 பேருக்கு நோய் வந்தது; ஒருவர் இறந்தார். பாலத்துக்கு அந்தப் பக்கம் தள்ளிவைத்த கொட்டகை, லாரியில் ஏறித் திரும்பி வந்தது.

பிறகு துப்பாக்கிகள். பிப்ரவரி இறுதியிலிருந்து ஏப்ரல் இறுதிவரை, 896 பண்ணைகளில் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. தொடர்ந்து நடந்த சோதனைகளில் கொன்றவற்றையும் சேர்த்தால் 10 லட்சத்தைத் தாண்டும். பல இடங்களில் சொந்தக்காரர்கள் ஏற்கெனவே ஊரைவிட்டு ஓடியிருந்தார்கள். தீனி போட ஆளில்லாமல் பன்றிகள் பசியில் அலறிக்கொண்டிருந்தன. இந்த வேலைக்காகப் பயிற்சி பெறாத ராணுவத்தினர் குழி தோண்டி, சுட்டு, புதைத்தார்கள். விலங்கு நலம் என்பதை வளர்க்கும் காலத்தோடு நிறுத்திவிட முடியாது என்பதை அந்த வாரங்கள் காட்டின. ஆயிரக்கணக்கில் அடைத்து வைக்கத் தெரிந்த கொட்டகைக்கு, அவற்றை வலியில்லாமல் வெளியேற்றும் வழி தெரிந்திருக்கவில்லை.

அதே 1999-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதியிலிருந்து பிரிட்டனில், தாய்ப்பன்றியைத் திரும்பக்கூட முடியாத தனிக் கூண்டில் சினைக்காலம் முழுக்க அடைத்துவைக்கும் முறை தடைசெய்யப்பட்டது. 1964-இல் ரூத் ஹாரிசன் எழுதிய 'அனிமல் மெஷின்ஸ்' என்ற புத்தகம் எழுப்பிய கொந்தளிப்பால் ஒரு விசாரணைக் குழு அமைந்தது. எழ, படுக்க, திரும்ப, உடலைச் சுத்தம் செய்துகொள்ள, கால்களை நீட்ட ஒவ்வொரு விலங்குக்கும் இடம் வேண்டும் என்று அந்தக் குழு 1965-இல் சொன்னது. அது சட்டமாகி ஒரு பன்றி கூண்டுக்குள் திரும்பிப் பார்க்க முப்பது வருடங்களுக்கு மேல் ஆனது. அங்கே அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த அதே வாரங்களில் இங்கே நாங்கள் புகைக்குள் ஓடிக்கொண்டிருந்தோம்.

மரத்தை வெட்டிய பிறகு

நிப்பாவுக்குப் பிறகு மலேசியாவின் பன்றிப் பண்ணைகள் பாதிக்கும் கீழே குறைந்தன. புக்கிட் பெலாண்டோக்கில் மீண்டும் வளர்க்க அனுமதி இல்லை. பண்ணைகளை ஒட்டிப் பழமரங்கள் இருக்கக் கூடாது என்றார்கள், மரங்கள் வெட்டப்பட்டன. மலேசியாவில் அதன் பிறகு நிப்பா வரவில்லை. ஆக, அந்த விதி வேலை செய்தது. அதை மறுக்க முடியாது.

ஆனால் மரம் போனதும் நிழலும் போனது. பன்றிக்கு இன்னும் வியர்க்கவில்லை. அந்த இடத்தை நிரப்பப் பல பெரிய பண்ணைகளில் மூடிய கொட்டகை வந்தது. ஒரு முனையில் நனைந்த தடுப்புகள், மறுமுனையில் ராட்சத விசிறிகள். விசிறி இழுக்க, காற்று ஈரத் தடுப்பின் வழியே புகுந்து குளிர்ந்து, கொட்டகை நெடுகக் காற்று வீசும். வௌவால் வராது, ஈ வராது, பக்கத்து வீட்டுக்காரனுக்கு நாற்றமும் குறையும். நல்ல பொறியியல்தான். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. தண்ணீர் ஆவியானால்தான் காற்று குளிரும். ஏற்கெனவே ஈரம் கனத்த நம் இரவுக் காற்றில் அது அதிகம் ஆவியாகாது. மின்சாரம் நின்று, மாற்று இயந்திரமும் ஓடாமல் போனால், மூடிய கொட்டகைக்குள் விலங்குகள் சீக்கிரமே மூச்சுத்திணறிச் சாகும். பாட்டியின் கொட்டாய்க்கு மின்வெட்டு என்றால் என்னவென்று தெரியாது.

இன்னொன்று. கிருமி உள்ளே வராதபடி மூடிய கட்டடத்துக்குள், மனிதர் கண்ணும் எளிதில் போவதில்லை. உள்ளே தாய்ப்பன்றி இரண்டு அடி அகலம், ஏழடி நீளம் உள்ள கம்பிச் சட்டத்தில் நிற்கிறதா, திரும்ப இடமிருக்கிறதா என்று தெருவில் போகிறவர் பார்க்க முடியாது. மலேசியாவில் 2015-இல் விலங்கு நலச் சட்டம் வந்தது. உலக விலங்கு சுகாதார அமைப்பு 2018-இல் பன்றி வளர்ப்புக்கான நலத் தரங்களை ஏற்று, சினைப்பன்றிகளைக் கூட்டமாக வளர்ப்பதே நல்லது என்றது. அந்த எழுத்துக்கும் கொட்டகைத் தரைக்கும் நடுவிலுள்ள தூரத்தைக் குறைப்பதுதான் இனி உள்ள வேலை.

வேறு விதமாகவும் யோசிக்க முடியும் என்பதற்கு இரண்டு உதாரணங்கள். வங்காளதேசத்தில் நிப்பா, ஈச்சமரச் சாறு வழியாகப் பரவுகிறது. இரவில் மரத்தில் கட்டிய பானையில் வௌவால் வாய் வைக்கும். காலையில் அதை மனிதர் பச்சையாகக் குடிப்பார்கள். அங்கே மரத்தை வெட்டவில்லை, வௌவாலைக் கொல்லவில்லை. மூங்கில் பிளாச்சில் பாவாடைபோல் ஒரு தட்டி முடைந்து, மரத்தில் வெட்டுவாயையும் பானையையும் மூடிக் கட்டினார்கள். அது வௌவாலை நன்றாகத் தடுத்ததை ஆய்வுகள் காட்டின. ஆஸ்திரேலியாவில் ஹென்ட்ராவுக்குச் சொல்லப்பட்ட ஆலோசனைகளில் ஒன்று இன்னும் எளிமையானது: குதிரையின் தீனித்தொட்டியையும் தண்ணீர்த்தொட்டியையும் மரத்தடியிலிருந்து நகர்த்தி, கூரைக்குக் கீழே வையுங்கள்.

ஒரு தட்டி. சில அடி தூரம். மேலே இருக்கும் உயிருக்கும் கீழே இருக்கும் உயிருக்கும் நடுவே என்ன இடைவெளி வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்ததன் விளைவு அவை. தள்ளிவைப்பதும் மூடிவைப்பதும் அந்த யோசனையைத் தவிர்க்கும் வழிகள். நிப்பாவுக்குப் பிறகு மலேசியப் பன்றியை நிறுத்திய சிங்கப்பூருக்கு, கடல் நடுவே இந்தோனேசியாவின் புலாவ் புலான் தீவிலிருந்து பன்றிகள் வந்தன. 2023-இல் அந்தத் தீவுக்குள்ளும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நுழைந்தது. இதற்கு மேல் தள்ளிவைக்க எந்தத் தீவு இருக்கிறது?

சில வருடங்களுக்கு முன் புக்கிட் பெலாண்டோக் பக்கம் போயிருந்தேன். செம்பனைக்கு நடுவே, கூரை இடிந்த ஒரு நீளக் கொட்டகை தெரிந்தது. சாலையோரக் கடையில் தேநீர் போட்டுத் தந்த சீனப் பெரியவரிடம், "அங்கிள், அது பன்றிக் கொட்டகையா?" என்று மலாயில் கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டினார். கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, அவரே சொன்னார்: அந்தக் கொட்டகைக்குப் பக்கத்தில் ரம்புத்தான் மரங்கள் இருந்ததாம். நல்ல இனிப்பாம். பழக் காலத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்குக் கொடுத்தனுப்புவார்களாம். மரத்தைப் பற்றி மட்டும்தான் பேசினார். அந்த வருடத்தைப் பற்றி அவரும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது பாட்டியின் கேள்விதான் மனதில் ஓடியது. இதில் எதை வெட்டச் சொல்கிறாய்? அவருக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. இன்று ஒன்று சொல்லத் தோன்றுகிறது. எதையும் வெட்ட வேண்டாம் பாட்டி. மாடு ஒன்று கூடினால் கொட்டாயை மறுபடி ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.